சாதுப் பாம்புகளைத் தேடிய ஆசிட்

பாம்பு தரணியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. அவள் பக்கமிருந்த வலது கண்ணைப் பழுப்பு நிறப் பொருக்கு ஒன்று காய்ந்த கஞ்சிபோல மூடியிருந்தது. மூக்கு நுனி வீங்கியிருந்தது. தாடைக்கடியில் செதில்கள் பிய்ந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஆறடிச் சாரை. நல்ல உடம்போடு இருந்த காலத்தில் அது வரப்பில் போகும் வேகத்தைப் பார்த்தவர்கள் வழிவிட்டு நின்றிருப்பார்கள். இப்போது திருப்பூர் ராயபுரத்தில் ஒரு கால்நடை மருத்துவரின் பின்னறையில், நீல பிளாஸ்டிக் டிரம்மின் அடியில், வேண்டாமென்று வீசிய கயிறு மாதிரி கிடந்தது.

தரணி ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரைமேல் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. அவள் வாய் திறந்து நெடுநேரமாகியிருந்தது. அவளுடைய மௌனம் பழகாதவர்களைத் தொந்தரவு செய்யும். பழகியவர்களை இன்னும் அதிகமாக.

பழகியவரான பூபாலன் மருத்துவரின் மேஜைமேல் ஏறிச் சம்மணமிட்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், அது உங்களப் பாக்கல. நீங்க அதையே பாத்துட்டு இருக்கறீங்க. மேல ஒருத்தன் உசுரைக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கறான், அவனை ரெண்டு பேருமே பாக்கறதில்லை."

"எறங்குங்க பூபாலண்ணா. சாரைக்கு விஷம் கிடையாது."

"அது அதுக்குத் தெரியுங்களா?"

துப்பறிய வருவதற்கு முன் தரணி ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் ஓடும் துணியில் ஓட்டை, கறை, இழை விட்ட இடம் எல்லாவற்றையும் பிடிக்கிற வேலை. குறையுள்ள ஒரு லாட்டுக்கு பாஸ் போடமாட்டேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்ன அன்று அந்த வேலை போயிற்று. துணியில் ஓட்டை தேடிய கண் பிறகு மனிதர்கள் சொல்லும் கதைகளில் ஓட்டை தேடப் பழகிக்கொண்டது. பூபாலன் அதே கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்த மெர்ச்சண்டைசர். தறியை விட்டே இறங்காத சரக்கைக் கப்பலில் ஏறிவிட்டதாக வெள்ளைக்காரர்களை நம்பவைத்தவர். பொய் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது என்று தரணி அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

கதவோரம் நின்றிருந்த பெண் அதுவரை பேசவில்லை. சின்னத்தாய். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்க்கிறவள். நூல் வெட்டும் சின்ன ட்ரிம்மர் இன்னும் கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. ஷிப்டைப் பாதியில் விட்டு வந்திருந்தாள்.

"அம்மா, நாலு மணிக்குப் பாரஸ்ட்டுக்காரக வந்துருவாக. அதுக்குள்ள ஏதாச்சும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரக் கொண்டு போயிட்டா, அவுகள வெளிய எடுக்க எனக்கு ஆளு கிடையாது."

அவள் கணவன் சோணைமுத்து, வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் கெமிக்கல் ஸ்டோரில் வேலை செய்கிறான். அந்த வட்டாரத்து மில்களில் முகம் வெந்ததுபோல ஐந்து பாம்புகள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. பிடித்தவன் முகிலன். பாம்பு என்றால் திருப்பூரே கூப்பிடுகிற பையன், யூடியூபில் லட்சம் பேர் பார்க்கிறவன். ஐந்தாவது பாம்பை, இந்தச் சாரையை, கேமரா முன் தூக்கிப்பிடித்துக்கொண்டு அழுதான். 'ஆசிட் ஊத்தியிருக்காங்க' என்றான். யார் என்றும் சொல்லிவிட்டான்.

"அவங்க ஸ்டோருக்குள்ள பாம்பு வந்தப்ப, அடுத்தது வந்தா ஆசிட் ஊத்துவேன்னு சோணைமுத்து கத்தினாராம். நெசமா?" என்று தரணி கேட்டாள்.

"கத்துனாரு. பயத்துல கத்துனாரு. ஆனா ஊத்தலன்னு சொல்றாரு. அவரு ஊத்தலன்னு சொன்னா ஊத்தலதான்."

கெஞ்சல் இல்லை அந்தக் குரலில். தரணிக்கு அது பிடித்திருந்தது.

மருத்துவர் ஜனனி கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள். "எனக்குச் சந்தேகம் இருக்கு. நேத்தே பஞ்சுக் குச்சியால அந்தப் பொருக்கைத் தேய்ச்சு எடுத்து, என் பிரெண்டு வேலை பாக்கற லேபுக்கு அனுப்பிட்டேன். சாயங்காலம் சொல்றேன்னிருக்கா. அதுவரைக்கும் இது ஆசிட் இல்லைன்னு நான் எழுதித் தர முடியாது."

"டாக்டர், ஆசிட் ஊத்தினா எங்கிருந்து விழும்?" என்று கேட்டாள் தரணி.

"மேல இருந்து."

"முதுகைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள், பூபாலன் உட்பட. முதுகில் ஒரு கீறல் இல்லை. பொருக்கு மூக்கிலும் தாடையிலும் இருந்தது. ஜனனி பக்குவமாகத் திருப்பியபோது அடிவயிற்றில் வரிசையாக இருந்தது. தரையைத் தொடுகிற இடங்கள்.

"மேல ஊத்தினது முதுகைத் தாண்டி வயித்துக்கு எப்படிப் போச்சு?" என்றாள் தரணி.

"மல்லாக்கப் படுத்து வெயில் காஞ்சிருக்குமுங்க," என்றார் பூபாலன். "கோவாவுல எல்லாம் அப்படித்தான்."

டிரம்மின் மூலையில் பாம்புச் சட்டை கிடந்தது. காலையில் உரித்திருந்தது. தரணி அதைக் கிடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய வழக்கம். சட்டையிலும் பொருக்கு இருந்தது. அதே இடத்தில், புதிதாக வந்த தோலிலும் மஞ்சளாக மறுபடி துளிர்த்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கடுகளவு, இப்போதுதான் தொடங்குகிறது.

அவள் சட்டையைக் கீழே வைக்கவில்லை. மழைச் சத்தம் கூடி, குறைந்தது.

"துவைச்ச பிறகும் அதே இடத்துல வந்து நிக்கற கறை கறையே இல்லைங்க டாக்டர். அது நூலுக்குள்ள இருக்குது. ஆசிட் ஒரே நாள்ல சுட்டுட்டுப் போயிரும். இது வளருது."

ஜனனி தலையசைத்தாள். "பூஞ்சைன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா ஒண்ணு இடிக்குது. பாம்பு மாடு மாதிரி கூட்டமா இருக்கறதில்லை. தனித்தனியாத் திரியும். அஞ்சும் அஞ்சு மில்லுல பிடிபட்டது. அஞ்சுக்கும் எப்படி ஒரே நோய்? எதோ ஒண்ணு அஞ்சையும் தொட்டிருக்கணும்."

"அந்த ஒண்ணைத்தான் வனத்துறை சோணைமுத்துன்னு சொல்லுது," என்று எழுந்தாள் தரணி.

*

சாயப்பட்டறை ஆபீஸில் ஏசி ஓடியது. சோணைமுத்துவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் உட்காரவில்லை.

முதலாளி மகுடேஸ்வரன் கெட்ட மனிதரில்லை. பயந்த மனிதர். "வாங்க அம்மிணி," என்றார். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வர்றான். பாம்புக்கு ஆசிட் ஊத்துற கம்பெனின்னு அந்த வீடியோவை எவனாச்சும் அவனுக்கு அனுப்பிச்சா, ஆர்டர் பங்களாதேஷுக்குப் போயிரும். நானூறு ஊட்ல அடுப்பு எரியாது. இவன் தெரியாமச் செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வக்கீலு நான் வெக்கறேன். வெளிய எடுத்து ஊருக்கு அனுப்பி வெக்கறேன்."

"மொதலாளி," என்றான் சோணைமுத்து. "ஊத்துவேன்னு சொன்னேன். அது என் வாய் செஞ்ச தப்பு. வாய்க்கு வேணா மன்னிப்புக் கேக்குறேன், எத்தனை தடவையும் கேக்குறேன். கை செய்யாததுக்கு எப்பிடிய்யா கேக்குறது?"

"ஒரே ஒரு வார்த்தைடா."

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு நான் எந்த ஊருக்குப் போறது? எங்க ஊர்லயும் செல்போன் இருக்கு."

மகுடேஸ்வரன் தரணியைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் வேறொரு முதலாளி, குறையுள்ள லாட்டுக்கு முன்னால் நின்று அதேபோலப் பார்த்தார். பாஸ் போட்டு விட்டுரு கண்ணு, யாருக்குத் தெரியப் போகுது என்றார். அன்று பாஸ் போட்டிருந்தால் இன்று தன் முகத்தைக் கண்ணாடியில் எப்படிப் பார்த்திருப்போம் என்று அவள் அவ்வப்போது யோசிப்பதுண்டு. விடை தெரிந்த யோசனை.

"அவர் சொல்ல மாட்டாருங்க," என்றாள். "நானும் சொல்லச் சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு முன்வாசல்ல பாக்கலாம்."

வெளியே வந்ததும் பூபாலன் கேட்டார்: "நாலு மணிக்கு என்னத்தைப் பாக்கறதுங்க? நம்மகிட்ட இருக்கறது ஒரு பாம்புச் சட்டை. அதுவும் நமக்குச் சேராத சைஸு."

*

பேக்கரியில் கூட்டமில்லை. பூபாலன் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். தரணி போனில் முகிலனின் வீடியோக்களைப் பின்னாலிருந்து முன்னாலாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஒலியை அணைத்துவிட்டாள். முகிலனின் குரல் இனிமையானது. அதைக் கேட்டால் நம்பத் தோன்றும்.

"அந்தப் பையன் திருடனாட்ட இல்லீங்களே," என்றார் பூபாலன். "பாம்பு வாலைப் புடிக்கறப்பக்கூட 'வாடி தங்கம்'ங்கறான். எங்க ஊட்ல என்னையே அப்படிக் கூப்பிட்டதில்லை."

"திருடன்னு நான் சொல்லல. அஞ்சு பாம்பையும் தொட்டது யாருன்னு டாக்டர் கேட்டாங்க. கையில புடிச்சவன் இவன்தானே?"

தை மாதத்து வீடியோ ஒன்றில் ஒரு தண்ணிப்பாம்பு. தாடை லேசாக வீங்கியிருந்தது. முகிலன் அதைக் கேமராவுக்குக் காட்டி ஏதோ சொன்னான். பூபாலன் ஒலியைத் திறந்தார். எலி கடித்திருக்கும் என்று முகிலன் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அதை ஒரு கிளிப்பச்சைத் துணிப்பையில் விட்டு முடிச்சுப் போட்டான். வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து குழாய்போல இறங்கும் பனியன் துணி. ஒரு முனையைக் கட்டினால் பை. திருப்பூரில் பாம்பு பிடிப்பவனுக்குப் பை தைக்கவே வேண்டாம்.

பங்குனி. ஒரு சாரை. வால் நுனி எதிலோ வெட்டுப்பட்டு மொட்டையாக இருந்தது. வயிறு பளிங்குபோலச் சுத்தம். பச்சைப் பையின்மேல் முகிலன் பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்தான். வெயிலில் குழந்தை வெந்துவிடக்கூடாதாம். பிறகு நொய்யல் கரையில் கொண்டுபோய் விட்டான்.

புரட்டாசி. மொட்டை வால் சாரை மறுபடி பிடிபட்டது. இப்போது வயிறெல்லாம் பொருக்கு.

பூபாலன் பன்னைக் கீழே வைத்தார். "மேடம்! பையில பாருங்க, மேலிருந்து கீழ ஒரு கோடு! நீடில் லைன். தை மாசத்துப் பையிலயும் இருக்குது, பங்குனியிலயும் இருக்குது. அதே கோடு, அதே பை! கேஸ் முடிஞ்சுதுங்க. நானே கண்டுபுடிச்சுட்டேன். இன்னைக்கு டீ உங்க கணக்குல."

தரணி சிரிக்கவில்லை. "ஒரு ஊசி கெட்டுப்போனா அந்தக் கோடு ரோல் முழுக்க ஓடும் பூபாலண்ணா. ரிஜெக்ட் ஆன ரோலை வாங்கி வெட்டியிருந்தா ஐம்பது பையிலயும் அதே கோடு இருக்கும். இவன் கட்டிங் வேஸ்ட் குடோன் வெச்சிருக்கறவன். தினம் புதுப் பைன்னு சொன்னா என்ன பதில் சொல்லுவீங்க?"

பூபாலன் பன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "டீ என் கணக்குலயே இருக்கட்டுங்க."

அவள் திரையைப் பார்த்தாள். மழை விட்டிருந்தது. சாலையில் துணி ஏற்றிய டெம்போ ஒன்று தேங்கிய தண்ணீரைப் பிளந்துகொண்டு போயிற்று. டீயில் ஆடை படிந்தது. தை, பங்குனி, புரட்டாசி என்று மாறி மாறி நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு இடத்தில் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"முடிச்சுக்கு மேல என்ன தெரியுது?"

"பொட்டு. சந்தனம், அதுக்கு மேல குங்குமம். மூணு வீடியோவுலயும் அதே பொட்டு. ஆயுத பூஜைக்கு வெச்சது. எங்க ஊட்டு கிரைண்டருக்குக்கூடத்தான் இருக்குது."

"அந்த கிரைண்டரைக் கடைசியா எப்பத் துடைச்சீங்க?"

"அடியில துடைப்பமுங்க. பொட்டு வெச்ச பக்கம் யாரு துடைப்பாங்க? துடைச்சாப் பொட்டு..."

பூபாலனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

தரணி முகிலனைக் கூப்பிட்டாள். "நாலு மணிக்கு வரும்போது உன் சாமானெல்லாம் எடுத்துட்டு வா தம்பி. ஒண்ணைப் புடிக்க வேண்டியிருக்குது."

*

முன்வாசலில் முகிலனின் ரசிகர்கள் போனைத் தூக்கிப்பிடித்து நின்றார்கள். வனவர் திருமூர்த்தி ஜீப்பிலிருந்து இறங்கியதும் கைதட்டல் எழுந்தது. சின்னத்தாய் புருஷன் பக்கத்தில் நின்றாள். எதிரிலிருந்த கேமராக்கள் எதற்கும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

முகிலன் இரண்டு பிளாஸ்டிக் ஜாடிகளையும் இரும்புக் கொக்கியையும் பச்சைப் பையையும் கொண்டுவந்திருந்தான். "பாம்பு எங்கேக்கா?"

தரணி பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. ஜனனி. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"லேப்ல சொல்லிட்டாங்க தரணி. பூஞ்சைதான். பாம்புத் தோலைப் பிடிக்கிற ஒரு வகை. வெளிநாட்டுல இதால காட்டுப் பாம்புங்க நிறையச் செத்திருக்கு. நம்ம பக்கம் இதைத் தேடவே இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. ஆசிட் இல்லை. வனவர்கிட்ட நானே பேசறேன்."

"மனுசனுக்கு ஒட்டுமுங்களா டாக்டர்?" என்று பூபாலன் குனிந்து கேட்டார்.

"இதுவரைக்கும் அப்படித் தெரியல."

"இதுவரைக்கும்ங்கற வார்த்தையை நான் பையருக்கு எத்தனை மெயில்ல போட்டிருப்பேன்," என்று பூபாலன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மகுடேஸ்வரன் பெருமூச்சு விட்டார். "அவ்வளவுதானுங்களே? சீக்கு. யாரு மேலயும் தப்பில்லை. சோணைமுத்து, நீ பின்வாசல் வழியா ஊட்டுக்குப் போ. இவங்க போனதும் நாளைக்கு வந்து வேலையைப் பாரு."

"முன்வாசல் வழியாத்தான் என்னையக் கூட்டிட்டு வந்தீக," என்றான் சோணைமுத்து. நகரவில்லை.

முகிலனும் நகரவில்லை. அவன் முகம் சிவந்திருந்தது. "சீக்குன்னா அஞ்சு பாம்புக்கும் எப்படிங்க வரும்? சும்மா வருமா? சாயத் தண்ணியில வந்திருக்கும். இவங்கதான் காரணம். ஆசிட் இல்லைன்னா தண்ணி!" ரசிகர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மகுடேஸ்வரனின் முகம் மறுபடி வெளுத்தது. ஒரு காலத்தில் பட்டறைகளையே மூடவைத்த சாயத் தண்ணி என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் வாசலில் நின்று கேட்க விரும்புவதில்லை.

"தம்பி," என்றாள் தரணி. "சீக்கு வந்த அஞ்சும் என்னென்ன பாம்பு?"

"மூணு சாரை. ஒரு தண்ணிப்பாம்பு. ஒரு கொம்பேறி."

"ஒண்ணுக்காச்சும் விஷம் உண்டா?"

"இல்ல."

"இந்த வருசம் நீ நாகம் புடிச்ச, கண்ணாடி விரியன் புடிச்ச. அதுல ஒண்ணுக்குக்கூட சீக்கு இல்லை. பாம்புக்குப் பயந்து ஆசிட் ஊத்தறவன் நாகத்தை விட்டுட்டுச் சாரையைத் தேடிப் போவானா? சாயத் தண்ணிக்கு எது விஷம், எது சாதுன்னு தெரியுமா?"

முகிலன் ஜாடிகளைக் கீழே வைத்தான்.

"இந்த ஊர்ல அந்த வித்தியாசம் பாத்துப் பிரிக்கறது ஒரே ஒரு ஆள். நாகம் வந்தா எதுல போடுவ?"

"ஜாடியில. பையில போட்டாத் துணி வழியாவே கொத்திரும்."

"சாரை?"

அவன் கண் தன் கையிலிருந்த பச்சைப் பைக்குப் போயிற்று. உடனே திரும்பிவிட்டது. "அக்கா, என்ன பேசறீங்க? இது என் மொதப் பை. எங்கம்மா சமையக்கட்டுல மொத மொதலாச் சாரை புடிச்சது இதுலதான். ராசியான பை. வருசா வருசம் பொட்டு வெச்சுக் கும்புடறேன்."

"துவைச்சிருக்கியா?"

"பொட்டு வெச்சதைத் துவைப்பாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அங்கு நின்ற அத்தனை பேர் வீட்டிலும், தையல் மிஷினிலும், டெம்போவின் முகப்பிலும், துடைக்கப்படாத ஒரு பொட்டு இருந்தது.

தரணி தன் போனை வனவரிடம் நீட்டினாள். தை மாதத்தில் வீங்கிய தாடையோடு தண்ணிப்பாம்பு பைக்குள் போயிற்று. பங்குனியில் மொட்டை வால் சாரை சுத்தமான வயிற்றோடு அதே பொட்டு வைத்த பைக்குள் போயிற்று. அன்போடு தெளித்த தண்ணீரில் துணி ஊறியது. புரட்டாசியில் அதே மொட்டை வால், பொருக்கு பிடித்த வயிறு. வனவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு போனை முகிலனிடம் கொடுத்தார்.

"எங் கையால பாம்பு சாகுமா?" என்றான் முகிலன். கத்திச் சொல்லத் தொடங்கியது பாதியில் தேய்ந்துவிட்டது. "வெயில்ல வேகக்கூடாதுன்னுதானேக்கா தண்ணி தெளிச்சேன்."

ஒருவன் வைத்த அன்பே அந்தப் பாம்பின் தோலைத் தின்றிருக்கிறது. கூட்டத்தில் சிலர் போனைத் தாழ்த்தினார்கள். மரத்திலிருந்து மிச்ச மழை சொட்டியது.

போனிலிருந்து ஜனனியின் குரல் மட்டும் வந்தது. "முகிலன், பை ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்தப் பூஞ்சை மண்ணுலயும் இருக்கும். ஆனா ஈரத் துணியில பாம்பு மாத்திப் பாம்பு போட்டா அது பரவும். கழுவறதுக்கு முன்னாடி பையில ஒரு துண்டு வெட்டிக் கவர்ல போட்டுக் குடு, பாத்துரலாம். இனிமே ஒரு பாம்புக்கு ஒரு பை. புடிக்கற ஒவ்வொண்ணையும் பஞ்சால தேய்ச்சு எனக்கு அனுப்பு. எது எங்க புடிபட்டுதுன்னு இந்த ஊர்ல உன் வீடியோவை விட்டா வேற தடயமே இல்லை. நீ இல்லாம இந்தச் சீக்கை என்னால தேட முடியாது."

முகிலன் பையை நீட்டினான். சின்னத்தாய் முன்னால் வந்தாள். பூபாலன் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்த ட்ரிம்மரால், குங்குமம் இருந்த இடத்துக்குக் கீழே உள்ளங்கை அளவு துணியை வெட்டிக் கவரில் போட்டாள். பிசிறில்லாமல் வெட்டினாள்.

"அப்ப எல்லாம் சரியாப் போச்சு," என்று மகுடேஸ்வரன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "கலைஞ்சு போங்கப்பா."

"எது சரியாப் போச்சு?" என்றாள் சின்னத்தாய். அவள் முகிலனைப் பார்த்துக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு ஆசிட் ஊத்துனாருன்னு லட்சம் பேருக்குச் சொன்னியே தம்பி. அதுக்குப் பொட்டு வச்சுக் கும்புட்டுட்டு அப்பிடியே விட்டுருவியா?"

முகிலன் தலை குனிந்தான். "அழிச்சிடறேனுங்கக்கா. அந்த வீடியோவை இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்காத."

சோணைமுத்துதான். அவன் ஸ்டோருக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ப்ளீச்சிங் திரவம் நிறைந்த கேனும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். முழங்கை வரை கையுறை. தொட்டியை வாசலின் நட்டநடுவில் வைத்தான். பச்சைப் பையை வாங்கி அதற்குள் போட்டான். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான்.

"அழிச்சா, பாத்தவனுக்கு நான் ஊத்துனவன்தான். அழிக்காத. அதுக்குப் பக்கத்துல இதையும் போடு. கேமராவ எடு."

முகிலனின் கை தயங்கியது. வனவர் குறுக்கிடவில்லை. பூபாலன் எட்டி, முகிலனின் போனைச் சரியான உயரத்துக்குத் தூக்கிவிட்டார். "நெட்டா நில்லு கண்ணு. ஆங்கிள் முக்கியம்."

போன் திரையில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. சோணைமுத்து கேனின் மூடியைத் திறந்தான். மூக்கை அறுக்கும் வாடை வாசல் முழுதும் பரவியது. முதல் வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவன் பின்வாங்கவில்லை.

"எம் பேரு சோணைமுத்து," என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். "நல்லாப் பாத்துக்கங்க. இப்பத்தான் ஊத்துறேன்."

தொட்டிக்குள் குங்குமம் முதலில் கரைந்தது. அப்புறம் பச்சை.